வரைபட ஓரத்தில் எழுதியிருப்பது



நான் எடுத்துக்கொண்ட பொருள் அளவில் சிறியது. வரைபடத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அச்சிட்ட கட்டத்திலிருந்து இரண்டு எண்களைப் படித்தெடுக்கிறோம். அவற்றை அட்சரேகையாகவும் தீர்க்கரேகையாகவும் எப்படி மாற்றுவது? கணக்கைக் கணினி ஒரு நொடியில் செய்துவிடும். ஆனால் கணக்கைத் தொடங்கும் முன் கணினி நம்மிடம் சில கேள்விகள் கேட்கும். அவற்றுக்கு விடை வரைபடத்தின் நடுவில் இல்லை, ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் ஸ்கேன் செய்து பாதுகாப்பது நம் நூலகங்களிலும் ஆய்வேடுகளிலும் பெருகிவரும் வழக்கம். அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்குவோம். 957926. டோப்போ ஷீட்டோடு பழகியவர்களுக்கு இது ஆறிலக்கக் கட்ட எண் என்பது உடனே தெரியும். முதல் மூன்று இலக்கங்கள் கிழக்கு நோக்கி, அடுத்த மூன்று வடக்கு நோக்கி. நூறு மீட்டர்ச் சதுரம் ஒன்றை இது காட்டுகிறது. களப்பணியில் ஒரே ஷீட்டை எல்லோரும் கையில் வைத்திருக்கும்போது இதைவிட எளிய முறை இல்லை. ஆனால் இதே ஆறிலக்கம் நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும். நான் மனத்தில் வைத்திருக்கும் 957926 தஞ்சைப் பெரிய கோயில். அதற்கு நூறு கிலோமீட்டர் வடக்கே கள்ளக்குறிச்சிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடைப்பட்ட நிலத்திலும் ஒரு 957926 உண்டு. மேற்கே போனால் கரூருக்குத் தென்கிழக்கே இன்னொன்று. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஆறிலக்கத்தை மட்டும் எழுதிவிட்டு ஷீட் எண்ணை விட்டுவிட்டால், பின்னால் வருபவர் எந்த ஊருக்குப் போவார்?

எனவே முழு எண்ணை எழுதுவோம். கிழக்கு 2,95,700 மீட்டர், வடக்கு 11,92,600 மீட்டர், யுடிஎம் முறை, மண்டலம் 44, வட அரைக்கோளம், டபிள்யூஜிஎஸ் 84. இப்போது உலகத்தில் இது ஒரே ஓர் இடம்.

யுடிஎம் முறையில் பூமியை ஆறு பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்துக்கும் நடுவில் ஒரு தீர்க்கரேகை. 44ஆம் மண்டலம் 78 பாகையிலிருந்து 84 பாகை வரை, அதன் நடுக்கோடு 81. நடுக்கோட்டில் நிற்பவருக்குக் கிழக்கு எண் சுழியம் அல்ல, 5,00,000. மேற்கே போனாலும் எண் எதிர்மமாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. வளைந்த பரப்பைத் தாளில் விரிக்கும்போது மண்டலத்தின் விளிம்புகளில் தூரம் நீண்டுவிடும். அந்தப் பிழையை முழுவதும் விளிம்புக்கே தள்ளாமல் பகிர்ந்தளிக்க, நடுக்கோட்டில் எல்லாத் தூரத்தையும் 0.9996 மடங்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டும் தெரிந்தால் காகிதத்திலேயே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாணவர்கள் ஒருமுறையாவது இதைக் கையால் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 5,00,000இலிருந்து 2,95,700ஐக் கழித்தால் 2,04,300. அதாவது நடுக்கோட்டுக்கு மேற்கே அவ்வளவு மீட்டர். 0.9996ஆல் வகுத்தால் 2,04,382. வடக்கு எண்ணையும் அப்படியே வகுத்தால் 11,93,077 மீட்டர், நிலநடுக்கோட்டிலிருந்து. நம் அட்சரேகைப் பகுதி வரை ஒரு பாகை சராசரியாக 1,10,587 மீட்டர் என்று கொண்டால் 10.7885 பாகை கிடைக்கிறது.

இங்கே பலர் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் கோயிலுக்கு 600 மீட்டருக்கும் மேல் வடக்கே போய் நிற்போம். காரணம் இது: கட்டத்தின் கிடைக்கோடுகள் நேர்க்கோடுகள். அட்சரேகையோ தாளில் விரிக்கும்போது நடுக்கோட்டை விட்டு விலக விலக வடக்கு நோக்கி மேலேறி வளையும். 2,04,382 மீட்டர் விலகிய இடத்தில் அந்த ஏற்றம் ஏறத்தாழ 624 மீட்டர். அதைப் பாகையாக்கினால் 0.0056. கழித்தால் அட்சரேகை 10.7829. தீர்க்கரேகைக்கு, இந்த அட்சரேகையில் ஒரு பாகை 1,09,367 மீட்டர். வகுத்து, 34 மீட்டர் அளவுள்ள ஒரு சிறு திருத்தத்தையும் கழித்தால் 1.8685 பாகை. 81இலிருந்து கழிக்க, 79.1315. பாகை, நிமிடம், விநாடியில் சொன்னால் 10°46′58″ வடக்கு, 79°07′53″ கிழக்கு. பெரிய கோயிலின் வளாகத்துக்குள் வந்துவிட்டோம். நூறு மீட்டர்ச் சதுரத்தைக் காட்டும் எண்ணிலிருந்து இதைவிட நுட்பத்தை எதிர்பார்க்கக் கூடாது. விடையில் எட்டுப் பதின்ம இலக்கங்கள் எழுதினாலும் இடம் துல்லியமாகிவிடாது.

இனி கணினி கேட்கும் முதல் கேள்வி: எந்த மண்டலம்? தமிழ்நாட்டுக்காரர்கள் இதில் தனிக் கவனம் வைக்க வேண்டும். 43க்கும் 44க்கும் எல்லையான 78 பாகைக் கோடு நம் மாநிலத்தின் ஊடாக ஓடுகிறது. சேலமும் கரூரும் மதுரையும் தூத்துக்குடியும் 44இல். ஈரோடும் விருதுநகரும் திருநெல்வேலியும் 43இல். திண்டுக்கல் நகரம் கோட்டுக்கு மிக அருகில் மேற்கே, 43இல் இருக்கிறது. மதுரையிலிருந்து விருதுநகருக்குப் போகும் பேருந்துப் பயணத்தில் கிழக்கு எண் ஏறத்தாழ 1,80,000இலிருந்து 8,20,000க்குத் தாவிவிடும். வைகைப் படுகையின் ஏரிகளையோ, கண்மாய்களையோ பட்டியலிடும் ஒருவர் இரு மண்டல எண்களையும் ஒரே நெடுவரிசையில் கலந்துவிட்டால், பட்டியலில் பாதி கடலில் விழும். நம் தஞ்சை எண்ணுக்கு 44க்குப் பதில் 43 என்று கொடுத்துப் பாருங்கள். அட்சரேகை மாறாது, தீர்க்கரேகை மட்டும் ஆறு பாகை மேற்கே நகர்ந்து 73.13 ஆகும். லட்சத்தீவுகளுக்கு இடையே அரபிக் கடல்.

கடலில் விழும் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. எனக்கு அச்சம் தருவது சில நூறு மீட்டர்ப் பிழைதான். அது பக்கத்து வயலில், பக்கத்துக் கரையில், பக்கத்துக் கிராமத்தில் போய் நிற்கும். பார்ப்பவருக்கு ஐயமே வராது. அப்படிப்பட்ட பிழையைத் தருவது இரண்டாம் கேள்வி: எந்த டேட்டம்?

பூமி சீரான உருண்டை இல்லை. கணக்குப் போடுவதற்காக, துருவங்களில் சற்றுத் தட்டையான ஒரு கோளத்தை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்கிறோம். அந்தக் கோளத்தின் அளவு என்ன, அதன் மையம் எங்கே, அதை நிலத்தோடு எந்தப் புள்ளியில் பொருத்தினோம் என்பவற்றின் தொகுப்புத்தான் டேட்டம். இந்தியாவின் பழைய டேட்டம் சென்னையில் பிறந்தது என்றே சொல்லலாம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் அளவுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டின் நீளத்தை நிலத்தில் அளந்துவிட்டால், பிறகு கோணங்களை மட்டும் அளந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் கணக்கில் கொண்டுவரலாம். கோணம் அளந்த தியோடலைட் அரை டன் எடை. லண்டனில் வில்லியம் கேரி செய்தது. கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றி மொரிஷியசுக்குக் கொண்டுபோய், பின்னர் திருப்பி அனுப்பினார்கள்.

காவிரி டெல்டாவில் குன்றுகள் இல்லை. தொலைவில் இருக்கும் அடுத்த புள்ளியைப் பார்க்க உயரம் வேண்டும். எனவே லாம்டன் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அந்தக் கருவியைக் கயிறு கட்டி இழுத்தபோது, விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணம் குறித்த பெரிய வட்டம் வளைந்துவிட்டது. அதைக் கைவிட மனமில்லாமல், கூடாரத்துக்குள் இருந்து வாரக்கணக்கில் பிரித்துத் தட்டி நிமிர்த்தி, மீண்டும் வேலை செய்யும்படி ஆக்கினார். நாம் இன்று கணக்குக்கு எடுத்துக்கொண்ட அதே கோயில் என்பதால் இதைச் சொன்னேன். இந்த நாட்டின் அட்சரேகை, தீர்க்கரேகைகளுக்கு அடியில் அந்த உழைப்பு இருக்கிறது. அந்தக் கருவியைக் கோபுரங்களின் மேல் இழுத்துச் சேர்த்தவர்களின் பெயர்களைப் பதிவேடுகள் சொல்வதில்லை.

லாம்டன் 1823இல் ஹிங்கண்காட்டில் இறந்தார். அவருக்குப்பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் ஒரு கோளத்தின் அளவைக் கணித்துக் கொடுத்தார். இன்று வழங்கும் மீட்டர்க் கணக்கில் அதன் நிலநடுக்கோட்டு ஆரம் 63,77,276 மீட்டர். ஜிபிஎஸ் கருவிகள் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 கோளத்தின் ஆரம் 63,78,137 மீட்டர். எவரெஸ்டின் கோளம் 861 மீட்டர் சிறியது. இதைப் பிழை என்று சொல்லுவது அநீதி. தாம் அளந்த நிலத்துக்கு நன்றாகப் பொருந்தும் கோளத்தை அவர் தேடினார், அது பொருந்தியது. மத்தியப் பிரதேசத்தில் உள்ள கல்யாண்பூரில் அதை நிலத்தோடு பொருத்தினார்கள். ஆனால் அந்தக் கோளத்தின் மையம் பூமியின் நிறைமையத்திலிருந்து பல நூறு மீட்டர் விலகியிருக்கிறது. செயற்கைக்கோள் பூமியின் நிறைமையத்தைச் சுற்றுவது. ஜிபிஎஸ் எண்கள் அந்த மையத்திலிருந்தே புறப்படுகின்றன. அதனால் ஒரே கல்வெட்டுக்கு, ஒரே கிணற்றுக்கு, இரு வேறு அட்சரேகை தீர்க்கரேகைகள் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் வேறுபாடு ஓரிரு நூறு மீட்டர்.

1905க்கு முந்தைய ஷீட்டுகளைக் கையாளும் வரலாற்று மாணவர்கள் இதைவிடப் பெரிய ஒன்றையும் கவனிக்க வேண்டும். அட்சரேகையை வானத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். தீர்க்கரேகைக்கு, கிரீனிச்சில் இப்போது மணி என்ன என்பது தெரிய வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தில் இதற்காகவே வியாழனின் துணைக்கோள்கள் மறைவதையும் தோன்றுவதையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறித்தார்கள். அப்படிக் கிடைத்த சென்னையின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டே நாட்டின் மற்ற இடங்களின் தீர்க்கரேகைகள் அமைந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்தி வந்தபிறகு, மணியை நேராகக் கம்பி வழி ஒப்பிட முடிந்தது. பழைய எண் சற்றே மிகை என்று தெரிந்தது. கல்யாண்பூரின் தீர்க்கரேகை 77°41′44.75″ என்று இருந்தது 77°39′17.57″ ஆகத் திருத்தப்பட்டது. வேறுபாடு 2 நிமிடம் 27.18 விநாடி. தஞ்சைப் பகுதியில் அது கிட்டத்தட்ட நாலரைக் கிலோமீட்டர். பழைய ஷீட்டுகள் சிலவற்றின் ஓரத்தில், தீர்க்கரேகையிலிருந்து இவ்வளவு கழித்துக்கொள்க என்று குறிப்பே இருக்கும். ஓரத்தை வெட்டிய ஸ்கேனில் அது இருக்காது. அழிந்துபோன ஒரு கோட்டையை அத்தகைய ஷீட்டிலிருந்து தேடிக் கிளம்புகிறவர், அடுத்த ஊரில் போய்த் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதிவிடக்கூடும். அந்த வாக்கியம் பிறகு மேற்கோளாகிவிடும்.

மூன்றாவது, எந்த அலகு? இரண்டாம் உலகப் போர்க்கால ஷீட்டுகளில் இருக்கும் கட்டம் மீட்டரில் இல்லை, கெஜத்தில். அந்தக் கட்டம் யுடிஎம்மும் அல்ல. பறங்கிக்காயின் மேல் கூம்பாகச் சுருட்டிய தாளைக் கவிழ்த்தது போல, லாம்பர்ட் என்ற கணித அறிஞரின் பெயரால் வழங்கும் கூம்பு முறையில் அமைந்தது. தமிழ்நாடு அதில் 4ஏ என்ற மண்டலத்தில் வரும். அதன் தொடக்கப் புள்ளி 12 பாகை வடக்கும் 80 பாகை கிழக்கும் வெட்டும் இடம். அந்தப் புள்ளி நிலத்தில் இல்லை. புதுச்சேரிக்கு வடகிழக்கே, கரையை விட்டுச் சற்றுத் தள்ளி, வங்கக் கடலில் இருக்கிறது. அங்கே கிழக்கு எண் 30,00,000 கெஜம், வடக்கு எண் 10,00,000 கெஜம். இதை மாற்றும்போது ஒரு செய்முறை ஒழுங்கு உண்டு. முதலில் கெஜத்திலேயே 30,00,000ஐக் கழித்துவிட்டு, மீதத்தை மட்டும் மீட்டராக்க வேண்டும். ஏனென்றால் அன்றைய இந்தியக் கெஜம் 0.9143985 மீட்டர், இன்றைய கெஜம் 0.9144 மீட்டர். இரண்டையும் அறியாமல் கலந்தால், கண்ணுக்கே தெரியாத அந்த வேறுபாடு 30 லட்சம் மடங்காகி நான்கு மீட்டருக்கு மேல் பிழை காட்டும்.

2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான ஷீட்டுகள் டபிள்யூஜிஎஸ் 84இல், யுடிஎம் கட்டத்தோடு வருகின்றன. அதனால் ஒரே ஊருக்கு மூன்று தலைமுறை ஷீட்டுகள் நூலகத்தில் அருகருகே இருக்கலாம். மூன்றும் மூன்று எண் சொல்லும், மூன்றும் தத்தம் ஓரக்குறிப்போடு படித்தால் சரி. இலங்கையில் இதை அழகாகக் கையாண்டிருக்கிறார்கள். அவர்களுடைய கட்டத்தின் தொடக்கம் பிதுருதலாகல மலை. பழைய முறையில் அங்கே இரு எண்களும் 2,00,000. 1999இல் டேட்டத்தைப் புதுப்பித்தபோது அதை 5,00,000 என்று மாற்றினார்கள். எண்ணைப் பார்த்த அளவிலேயே இது பழையதா, புதியதா என்று சொல்லிவிடலாம்.

எண்ணை எழுதும் முறையில் வரும் தடுமாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 10°46′58″ என்பதை 10.4658 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சரியான பதின்மம் 10.7829, வேறுபாடு 35 கிலோமீட்டர். மீனவர்களின் ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் பாகையையும், நிமிடத்தின் பதின்மத்தையும் காட்டும். 1974இன் இந்திய-இலங்கைக் கடல் எல்லை உடன்பாட்டிலும் புள்ளிகள் அந்த முறையில்தான் உள்ளன. ஒரு புள்ளியின் அட்சரேகை 9°40.15′. அந்த .15 என்பது 9 விநாடி, 15 விநாடி அல்ல. கடலில் அது ஏறத்தாழ 185 மீட்டர். எல்லைக்கோட்டருகே வலை விரிப்பவருக்கு அந்த 185 மீட்டர் சிறிய தூரமா?

வரிசையும் முக்கியம். கட்டத்தில் கிழக்கு எண் முதலில். உருண்டையில் அட்சரேகை முதலில். மென்பொருள்களுக்குள் இது ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். தஞ்சைக் கோயிலின் இரண்டு எண்களை இடம் மாற்றிப் போட்டால், வடதுருவத்துக்கு அருகே, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையோரம் போய்ச் சேர்வோம். 2008இல் தொடங்கிய, இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி அங்கிருந்து 30, 35 கிலோமீட்டரில் இருக்கிறது.

இறுதியாக ஒன்று. டபிள்யூஜிஎஸ் 84 என்று எழுதிவிட்டால் போதும் என்று பத்தாண்டுகளுக்கு முன் நான் மாணவர்களிடம் சொல்லியிருப்பேன். இப்போது ஆண்டையும் எழுதச் சொல்கிறேன். இந்தியா அமர்ந்திருக்கும் நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. செயற்கைக்கோள் முறையின் எண்களோ பூமியின் மையத்தோடு கட்டுண்டவை. நிலத்தோடு சேர்ந்து நகர்வதில்லை. நாம் ஓரிடத்தில் அசையாமல் நின்றாலும் நம் அட்சரேகை ஆண்டுதோறும் சிறிதளவு கூடுகிறது. ஆஸ்திரேலியாவின் தட்டு ஆண்டுக்கு ஏழு சென்டிமீட்டர் நகர்கிறது; 1994ஆம் ஆண்டுக்கான எண்களை விட்டுவிட்டு 2020ஆம் ஆண்டுக்கான எண்களுக்கு அந்த நாடு மாறியபோது வேறுபாடு 1.8 மீட்டர். ஏரியின் இடத்தைக் குறிப்பவருக்கு இது பொருட்டல்ல. ஆனால் நம் ஊர்களில் இனி மனை எல்லைகளை நிலைநின்ற ஜிபிஎஸ் நிலையங்களின் துணையோடு சென்டிமீட்டர் நுட்பத்தில் அளக்கப் போகிறார்கள். இன்று அளந்த மூலைக்கல்லை இருபது ஆண்டு கழித்து அதே எண்ணைக் கொண்டு தேடினால், கல் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும். அண்டை வீட்டாருக்கிடையே வழக்கு மூள ஒரு மீட்டர் போதும். பட்டாவோடு சேரும் அளவைப் படத்தில், நான்கு மூலைகளின் எண்களுக்குக் கீழே, மண்டலம், டேட்டம், அலகு, அளந்த ஆண்டு ஆகிய நான்கும் ஒரு வரியாக அச்சாக வேண்டும். அந்த வரிக்கு அரை அங்குல இடம் போதும்.